துண்டு போட்ட இடம்

தினமும் காலையில் ராஜபாளையம் பஸ் சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போதே, அது நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே போய் விழும். என் கணவர் தில்லைநாயகத்தின் துண்டு அது. எனக்கு இடம் பிடிக்கிற துண்டு. கரிவலம்வந்தநல்லூரில் நான் டீச்சர். இருபது நிமிஷப் பயணம்தான், நின்றுகொண்டே போய்விடலாம். மனிதர் கேட்க மாட்டார். தாலுகா ஆபீஸில் வருவாய் ஆய்வாளராக இருந்தபோதும் இதே வேலைதான், போன வருஷம் ரிட்டயர் ஆன பிறகும் இதே வேலைதான். "துண்டு வந்தாச்சு, டீச்சர் பின்னாலயே வருவாங்க" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். அவருக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன்.

அது கிடக்கட்டும். நேற்று நாங்கள் மேலச்சுனைக்குப் போனோம்.

புளியங்குடி தாண்டி மேற்கே அடிவாரத்தில் இறங்கி, மலையேறி, முகட்டோடு நடந்து போனால் மேலச்சுனை. சுனை என்றதும் ஒரு குழி, அதில் நாலு குடம் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மலை முகடுகளுக்கு நடுவில், எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தை விடப் பெரிய நீர்நிலை என்பார்கள். என்பார்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் வனத்துறை கேட்டைத் திறந்துவிடும். காலையில் ஏறிச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். பெரிய கஷ்டமான ஏற்றம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஓடி ஏறுகிறார்கள்.

பாதி வழியில், முகடு இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு பாறை நிற்கிறது. மஞ்சளும் குங்குமமும் அப்பி, சிவப்புத் துணி சுற்றியிருப்பார்கள். காத்திருந்த சாமி என்று பெயர். சுனையைப் பார்க்கப் போனவர்களுக்காக அங்கேயே காவல் நின்றவராம். எல்லாரையும் அனுப்பி வைத்தவர், தான் மட்டும் சுனையைப் பார்த்ததே இல்லையாம். அதனால் சுனைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்து அவர் தலையில் ஊற்ற வேண்டும். மிச்சத்தைத் தீர்த்தமாக உள்ளங்கையில் வாங்கிக் குடிக்க வேண்டும்.

கல்யாணமான மறு வருஷம், தொண்ணூற்றெட்டில், நாங்கள் முதல்முறை போனோம். அவருடைய சிநேகிதர் இசக்கித்துரை அண்ணாச்சிதான் வேன் பிடித்தார். அவருக்கு ஊரில் விசைத்தறி இருக்கிறது. வருஷா வருஷம் இந்த வேன் ஏற்பாடு அவர் வேலை. அன்றைக்கு அந்தப் பாறை வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் பின்தங்கிவிட்டோம். சுனைக்குப் போகிற பாதை பாறையை இடக்கைப் பக்கம் விட்டுப் போகும். சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள், எந்தச் சாமியையாவது இடக்கைப் பக்கம் விட்டுப் போவேனா? அதிலும் யானையே வலம் வந்த ஊரில் வேலை பார்க்கிறவள். பாறையை வலக்கைப் பக்கம் வைத்து, வலமாகவே நடந்தேன். அவரும் பின்னால் வந்தார். அந்தப் பக்கமும் ஒரு தடம் தெளிவாகத் தெரிந்தது. மேகம் இறங்கி மூடியிருந்தது. தடம் எங்களைக் கொண்டு போய் ஒரு மொட்டைப் பாறையின் விளிம்பில் விட்டுவிட்டு மறைந்து போனது. அது மிளா மான்கள் போகிற தடம் என்று பிறகுதான் தெரிந்தது.

மேகம் விலகுகிற வரை அசையக் கூடாது என்றார். அங்கேயே உட்கார்ந்தோம். ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், ஆனால் அது மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார் இருந்த வீடு. சாப்பாடு வைக்கட்டுமா, சட்டை தேய்த்தாகிவிட்டதா என்பதைத் தவிர நாங்கள் பேசியது குறைவு. அந்தப் பாறையில் உட்கார்ந்ததும் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி மீனா, ஒனக்குப் பிடிக்காத காய் எது?"

என்னிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. "சீனியவரைக்காய்" என்றேன். எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் சீனியவரைக்காய்தான். "அப்பறம் ஏன் வாயத் தொறக்காமத் திங்க?" என்றார். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். சாயங்காலம் இசக்கித்துரை அண்ணாச்சி கத்திக் கூப்பிட்டுக்கொண்டு வந்து எங்களைக் கண்டுபிடித்தபோது எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. கீழே இறங்கும்போது இவர் சொன்னார்: "சொனையப் பாத்தா ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும். தனியாப் பாக்கக் கூடாது." சரி என்றேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் சீனியவரைக்காய் வாங்கியதில்லை.

மறு வருஷம் ஆடியில் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். மகள் சண்முகப்ரியா பிறந்தாள். அதற்கு அடுத்த வருஷம் கைப்பிள்ளை. அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒரு வருஷம் தேர்தல் வேலை, ஒரு வருஷம் காட்டுத்தீ என்று கேட்டைத் திறக்கவில்லை, இரண்டு வருஷம் கொரோனா. இசக்கித்துரை அண்ணாச்சி ஒவ்வொரு ஆடியிலும் போய்விட்டு வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சுனைக் கதை சொல்வார். இவர் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி ரொம்பக் கெடக்காலே? அல்லி பூத்திருக்கா?" என்று பச்சைப்பிள்ளை மாதிரிக் கேட்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். அடுத்த வருஷம் கட்டாயம் போகணும் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்வேன்.

இந்த ஆடியில் 'அடுத்த வருஷம்' என்கிற பேச்சே இல்லாமல் போயிற்று. அவருக்கு வலது முழங்கால் தேய்ந்து போய்விட்டது. ஆவணியில் ஆபரேஷன். "அதுக்கப்பறம் சமதளத்துல நடக்கலாம், கோயிலுக்குப் போகலாம். மலை எல்லாம் மறந்திருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் தலையாட்டினார். எனக்குத்தான் சுருக்கென்றது. மலையை மறந்துவிடலாம். ஒருமுறை கூடப் பார்க்காத சுனையை எப்படி மறப்பது? வீட்டுக்கு வந்ததும் இசக்கித்துரை அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வேனில் இரண்டு இடம் என்றேன்.

"வேண்டாம் மீனா, இந்தக் காலை வச்சுக்கிட்டு" என்று இவர் இழுத்தார்.

"மெதுவாப் போவோம். யாரு நம்மளத் தொரத்துதா?"

ஆடித்தபசுக்கு முன்னால் நான் கோயிலை வலம் வந்து ஆடிச்சுற்றுச் சுற்றினேன். கோமதியம்மனுக்குப் பாதி, மலை ஏறுவதற்குப் பழகப் பாதி. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். மகள் சென்னையிலிருந்து இருவருக்கும் ஷூ வாங்கி அனுப்பினாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினார்.

நேற்றுக் காலை ஏற ஆரம்பித்தபோது நன்றாகத்தான் இருந்தது. கீழே ஊரில் புழுதிக் காற்று அடிக்கிறது, மேலே சாரல். எலுமிச்சைத் தோப்பைத் தாண்டியதும் ஈரமண் வாசனை. முகட்டுக்கு வந்ததும் கிழக்கே சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது. காற்றாலைகள், கண்மாய்கள், வெளுத்த மானாவாரி நிலங்கள். வேனில் வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டி அதுதான் சங்கரன்கோவில் கோபுரம் என்றார்கள். இசக்கித்துரை அண்ணாச்சி காட்டியது ஒரு செல்போன் டவர்.

அதற்குள் இவர் மூன்று முறை ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்துவிட்டார். நான்காவது முறை உட்கார்ந்தபோது நான் குனிந்து பார்த்தேன். லேஸ் அவிழவே இல்லை.

"வலிக்கா?"

"இல்ல. காத்து நல்லா இருக்கு, அதான்."

வலி என்று அவர் வாயில் வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்த சாமி வரை வந்து சேர்ந்தார். அங்கே ஒரு வனக்காவலர் நின்றிருந்தார். பாறையின் பக்கத்தில் இப்போது பெரிய அம்புக்குறி வரைந்து வைத்திருக்கிறார்கள், வழி தப்பாமல் இருக்க. அப்படியும் எங்கள் வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதலில் பாறையை ஒரு முழுச் சுற்று வலம் வந்துவிட்டுத்தான் அம்புக்குறிப் பக்கம் போனார்கள்.

"மணி பன்னெண்டுக்கு மேல யாரையும் விட மாட்டேன். போறவங்க இப்பவே போயிருங்க" என்றார் காவலர். "அய்யா, ஒங்களுக்குக் கால் வீங்கிருக்கு. இதுக்கு மேல ஏத்தம். நீங்க இங்கனயே இருங்க."

இவர் பாறைக்கு எதிரே கிடந்த பலகைக்கல்லில் உட்கார்ந்தார். பேன்ட்டுக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.  இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து, இன்னும் ஒரு மணி நேர நடையில் சுனை இருக்கும்போது, இனிமேல் இவர் அதைப் பார்க்கவே போவதில்லை.

"நானும் இருக்கேன்" என்று பக்கத்தில் உட்காரப் போனேன்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? நீ போ."

"ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும்னு சொன்னது யாரு?"

"அது அந்தக் காலம். நீ போய்ப் பாத்துட்டு வா. நீ பாக்கணும் மீனா. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."  அப்படி அவர் என்னிடம் கெஞ்சியதே இல்லை. தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். "சாமிக்குத் தண்ணி கொண்டா."

போனேன். மற்றவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டதால் தனியாகத்தான் நடந்தேன். முகடு குறுகலாக, இருபக்கமும் புல் சரிவாக இருந்தது. வழியில் பாறை இடுக்கிலிருந்து ஒரு ஓடை கசிந்து பாதையைத் தாண்டி ஓடியது. அதைத் தாண்டி ஒரு கடைசி ஏற்றம். அதற்கு அந்தப் பக்கம் சுனை. ஏற்றத்தின் மேலே நின்ற பெண்கள் இருவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது. ஈரக்காற்று முகத்தில் வந்து அடித்தது.

என் கால் நின்றுவிட்டது. நான் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். இசக்கித்துரை அண்ணாச்சியிடம் கேட்கிற மாதிரியே என்னிடமும், தண்ணி ரொம்பக் கெடக்கா, அல்லி பூத்திருக்கா என்று கேட்பார். அந்த முகத்தை நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் எனக்காகப் பார்க்காமல் இருந்த மனிதரை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் பார்ப்பதா? பார்க்காதவர்கள் இருவராக இருந்துவிட்டுப் போகிறோம். ஆனால் பார்க்கவில்லை என்று சொன்னால் அவருக்கு மனசு விட்டுப் போகும். ஆக, பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

திரும்பி வந்து ஓடையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சுனைக்குப் போய்வர ஆகும் நேரம் ஆக வேண்டுமே. கொஞ்சம் அழுதேன். யாரும் இல்லை என்று நினைத்துத்தான் அழுதேன். தலையை நிமிர்த்தினால் சுனையிலிருந்து திரும்பி வந்த இசக்கித்துரை அண்ணாச்சி எதிரே நிற்கிறார்.

"என்ன மதினி, இங்கன உக்காந்திருக்கியோ? ஒங்கள அங்கன காணவே இல்லயே."

சொன்னேன். சொல்லிவிட்டு, "அவங்கள்ட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. நான் பாத்ததாத்தான் இருக்கணும். எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கினார். "சொன எப்பவும்போலதான் இருக்கு. தண்ணி நெறயக் கெடக்கு. அல்லி பூத்திருக்கு" என்றார். இருபத்தேழு வருஷமாக எங்கள் வீட்டு நாற்காலியில் அவர் சொன்னதும் இதேதான். இந்த மனிதரிடம் கேட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எழுந்தேன்.

இவர் பலகைக்கல்லின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா?"

"பாத்தேன். தண்ணி நெறயக் கெடக்கு. அல்லி பூத்திருக்கு. வானம் அப்படியே தண்ணிக்குள்ள தெரியுது." கடைசி வரி என் சொந்தச் சரக்கு.

அவர் பாட்டிலை வாங்கினார். நொண்டிக்கொண்டே போய்ச் சாமி தலையில் ஊற்றினார். மிச்சத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். உறிஞ்சியவர் அப்படியே நின்றார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"இது சொனத் தண்ணி இல்லயே. சொனத் தண்ணி லேசாத் துவர்க்கும், நெல்லிக்காய் போட்டு வச்ச மாதிரி. இது ஓடைத் தண்ணில்லா? மீனா, நீ சொனைக்குப் போகல."

மாட்டிக்கொண்டேன் என்று தலையைக் குனிந்தேன். குனிந்த பிறகுதான் உறைத்தது. மெதுவாக நிமிர்ந்தேன்.

"துவர்க்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் காலியான பாட்டிலின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். இசக்கித்துரை அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார்.

"எப்பப் போனீங்க?"

"நீ பேறுகாலத்துக்குப் போயிருந்தேல்லா, அந்த ஆடி. இவந்தான் இழுத்துட்டு வந்தான். பாதி வழில இருந்துக்கிடலாம்னுதான் வந்தேன். வந்த எடத்துல கால் நிக்கல. ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல மீனா. அதுக்கப்பறம் வருஷம் போகப் போக இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். இருபத்தாறு வருஷம் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அல்லி பூத்திருக்கா என்று கேட்ட முகம். அந்த முகத்துக்காகத்தானே நான் பத்தடி தூரத்தில் நின்று திரும்பி வந்தேன். இப்போது பன்னிரண்டு மணியும் தாண்டிவிட்டது, காவலர் இனி மேலே விட மாட்டார். எங்கள் இருவரில் சுனையைப் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

"நல்லா இருங்க. நல்லா ஏமாத்துனீங்க" என்றேன். 

"மதினி, கோவப்படாம ஒண்ணு கேளுங்க" என்றார் இசக்கித்துரை அண்ணாச்சி.

"ஏலே இசக்கி, சும்மா கெட" என்று இவர் பதறினார்.

"நீ சும்மா கெடலே. எத்தன வருஷம் நானும் வாய மூடிக்கிட்டு இருக்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சொனக்கரையில ஒரு கல் கெடக்கு மதினி. ரெண்டு பேரு வசதியா உக்காரலாம். அங்கன உக்காந்தாத்தான் சொன முழுசாத் தெரியும். அன்னைக்கு இவன் மொதல்ல போயி அதுல உக்காந்தான். தள்ளி உக்காருலேன்னு நான் பக்கத்துல போனா, உக்கார விட மாட்டேங்கான். பாத்தா, தோள்ல கெடந்த துண்ட எடுத்துப் பக்கத்துல விரிச்சு வச்சிருக்கான். பஸ்ஸுல போடுவாம்லா, அந்த மாதிரி. யாருக்குலே எடம் போட்டிருக்கன்னு கேட்டேன். துண்டு நுனிய இழுத்துச் சரி பண்ணுனான். நாங்க எட்டுப் பேரும் ஈரத் தரையில உக்காந்து புளியோதரை தின்னோம். இவன் அந்தத் துண்டு பக்கத்துல உக்காந்து தின்னான். கெளம்புத வரைக்கும் ஒருத்தனையும் அதுல உக்கார விடல."

நான் இவரைப் பார்த்தேன். பஸ் நிலையத்தில் நூறு பேர் பார்க்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மனிதர், காது வரை சிவந்து, சாமி பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காவலர் விசில் ஊதினார். எல்லாரும் இறங்க ஆரம்பித்தார்கள். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏறியதை விட இறங்குவதுதான் அவருக்கு வலித்தது.  எலுமிச்சைத் தோப்பு வந்த பிறகு கேட்டேன்.

"எந்தத் துண்டு அது?"

"பச்சக் கரை போட்டது."

"இப்ப எங்க இருக்கு?"

"கிழிஞ்சு போச்சே. கிரைண்டர் தொடைக்க நீதான எடுத்த."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவருக்குக் காட்டவில்லை.

வேனுக்கு வந்ததும் கால் முடியாதவர் என்று அவரை முதலில் ஏற்றிவிட்டார்கள். நான் அடிபம்பில் முகம் கழுவிவிட்டு வந்தபோது வேன் நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் துண்டு கிடந்தது. அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க. சொன எப்படி இருந்துச்சு?" என்றேன்.

முதலில் தயங்கினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் என்ன நிறம், எந்தப் பக்கம் ஆழம், கரையில் என்ன மரம், மேகம் எப்படி இறங்கித் தண்ணீரைத் தொட்டு எழுந்தது, தவளை எப்படிக் கத்தியது. இசக்கித்துரை அண்ணாச்சி வருஷா வருஷம் பார்த்தும் பார்க்காததை எல்லாம், ஒரே ஒருமுறை பார்த்தவர் ஒன்று விடாமல் சொன்னார். சங்கரன்கோவில் கோபுரம் தெரிகிற வரை சொல்லிக்கொண்டே வந்தார். சீனியவரைக்காய் பிடிக்காது என்று நான் சொன்ன நாளுக்குப் பிறகு, நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது நேற்றுத்தான்.